ட்ரிப்யூட் பேண்டுல வாசிக்கிறவங்க யாராவது இருக்கீங்களா? சோலோவை அப்படியே வாசிக்கணுமா, கூடாதா?

லெஸ்லிப்பெட்டி (பர்மிங்ஹாம்)

எல்லாருக்கும் வணக்கம். இங்க பிங்க் ஃப்ளாய்ட்ங்கற இங்கிலாந்து ராக் பேண்டோட பாட்டு மட்டும் வாசிக்கிற ஒரு சின்ன ட்ரிப்யூட் பேண்டுல நான் கீபோர்டு. எல்லாருமே வேலைக்குப் போறவங்க. சனிக்கிழமை பப், எப்பவாவது ஊர் அரங்கம், அவ்வளவுதான் எங்க எல்லை.

பேண்டுக்குள்ள ஒரு பஞ்சாயத்து. எங்க கிட்டாரிஸ்ட் 'கம்ஃபர்டப்ளி நம்ப்' கடைசி சோலோவை ரெக்கார்டுல இருக்கிற மாதிரியே, ஒரு பெண்டு (கம்பியை வளைச்சு ஸ்வரத்தை ஏத்தறது) கூட மாறாம வாசிப்பார். ட்ரம்மருக்கு அது ஆகவே ஆகாது. "ஃப்ளாய்ட் கிட்டாரிஸ்ட் கில்மோரே மேடையில தினம் ஒரு மாதிரி வாசிச்சவர், உனக்கு என்ன வந்தது?"ன்னு ஒவ்வொரு ரிஹர்சல்லயும் ஆரம்பிச்சிடறார்.

நான் அப்படியே வாசிக்கிற கட்சி. ஏன்னு சொல்றேன். 'எக்கோஸ்' (1971, 'மெடில்' ஆல்பம்) ஆரம்பத்துல 'ட்டிங்'னு ஒத்தை ஸ்வரம் ஒண்ணு வரும். ஃப்ளாய்டோட கீபோர்டுக்காரர் ரிக் ரைட் பியானோ சத்தத்தை லெஸ்லி ஸ்பீக்கருக்குள்ள விட்டு எடுத்தது. லெஸ்லிங்கறது ஹாமண்ட் ஆர்கனோட சேர்த்து வைக்கிற பெரிய மரப்பெட்டி. உள்ள ஹாரன் சுத்திட்டே இருக்கும், அதனால சத்தம் அலை அலையா வரும். ஃப்ளாய்ட் ட்ரம்மர் நிக் மேசன் தன் புத்தகத்துல எழுதியிருக்கார், அந்த ஸ்வரத்தை ஸ்டூடியோவுல மறுபடி கொண்டுவரவே முடியலையாம். கடைசியில டெமோ டேப்பையே எடுத்து முன்னாடி ஒட்டிட்டாங்க. செஞ்சவங்களுக்கே ரெண்டாவது தடவை சிக்காத ஸ்வரம் அது. நான் அதுக்காக எத்தனை ராத்திரி ஹெட்போனோட உக்காந்திருக்கேன்னு வீட்டம்மாவைக் கேட்டா தெரியும். அந்த 'ட்டிங்' கொஞ்சம் கிட்ட வந்த அன்னிக்குக் கிடைச்ச சந்தோஷம், சொந்தமா பாட்டு எழுதின காலத்துல எனக்குக் கிடைச்சதில்லை.

உங்க அனுபவம் என்ன? திட்டினாலும் பரவாயில்லை.

சும்மா_படிப்பவன்

மிமிக்ரிக்கு ஏன் பாஸ் இவ்வளவு பில்டப்? சொந்தமா ஒரு பாட்டு போடுங்க.

பிளெக்ட்ரம் பாண்டி (சென்னை)

வந்துட்டார்யா. படிப்பவன் சார், மிமிக்ரின்னா குரலை மாத்தி ரெண்டு நிமிஷம் பேசிட்டு இறங்கிடலாம். க்வீன் பேண்டு கிட்டாரிஸ்ட் ப்ரையன் மே சத்தம் வேணும்னா என்னென்ன வேணும் தெரியுமா? அந்தாளு கிட்டாரையே கடையில வாங்கலை. அப்பாவும் புள்ளையுமா வீட்டுல செதுக்கினது. கழுத்துப் பகுதி பழைய கணப்படுப்பு மேல இருந்த மரப்பலகை, ஸ்வரத்தை நடுங்க வைக்கிற ட்ரெமலோ பிடிக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்ப்ரிங். கம்பியை மீட்டுற பிளெக்ட்ரமுக்குப் பதிலா ஆறு பென்ஸ் காசு. ப்ளாஸ்டிக் மாதிரி வளையாது, ஓரத்துல வரி இருக்கும், கம்பியில படும்போது சின்னதா ஒரு கரகரப்பு வரும். அந்தக் காசு 1980லயே செல்லாமப் போச்சு. க்வீன் ட்ரிப்யூட் வாசிக்கிறவன் பழங்காசுக் கடை ஏறி இறங்கணும். நானும் நாலணாவை வச்சு முயற்சி பண்ணினவன்தான். கம்பி ரெண்டு அறுந்ததுதான் மிச்சம்.

லெஸ்லி ப்ரோ, உங்க சண்டைக்கு க்வீன்ல ஒரு சூப்பர் கேஸ் இருக்கு. 'பொஹீமியன் ராப்சடி' (1975) நடுவுல ஆப்ரா மாதிரி வர்ற பகுதி இருக்குல்ல, அதை க்வீன் மேடையில பாடினதே இல்லை. நாலு பேரும் இறங்கிப் போயிடுவாங்க, டேப் ஓடும், ராக் பகுதிக்கு மறுபடி ஓடி வருவாங்க. இப்போ ட்ரிப்யூட் பேண்ட் எதை நகல் எடுக்கணும்? ரெக்கார்டையா, ஷோவையா? ஷோவை அப்படியே செய்யணும்னா நீங்களும் மேடையை விட்டு இறங்கிப் போகணும். சில ட்ரிப்யூட் கோஷ்டிங்க அந்தப் பகுதியையும் தம் கட்டிப் பாடறாங்க. க்வீன் செய்யாததை க்வீன் பேர்ல செய்யறாங்க. இதுக்குப் பேரு என்ன?

பழைய எல்.பி.

லெஸ்லி அவர்களுக்கு. தங்கள் கிட்டாரிஸ்டின் விசுவாசத்தை மதிக்கிறேன். ஆனால் அவர் எதற்கு விசுவாசமாக இருக்கிறார் என்று ஒரு முறை யோசிக்கட்டும். அந்தக் கடைசி சோலோ ஒரே மூச்சில் வாசிக்கப்பட்டது அல்ல. கில்மோர் ஐந்தாறு முறை வெவ்வேறு விதமாக வாசித்துவிட்டு, எந்த டேக்கில் (ஒரு முறை வாசித்த பதிவில்) எந்தச் சொற்றொடர் நன்றாக விழுந்திருக்கிறது என்று குறித்து வைத்து, மிக்ஸிங் மேசையில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவிச் சேர்த்தார். இதை அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். கைகள் ஒருபோதும் அந்த வரிசையில் வாசித்திராத ஒன்றை உங்கள் நண்பர் ஒவ்வொரு சனிக்கிழமையும் முதலிலிருந்து கடைசி வரை வாசிக்கிறார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு வகையில் கில்மோர் செய்ததைவிடக் கடினமான வேலை.

இதைவிட விசித்திரம் ஃப்ளாய்டின் 'த கிரேட் கிக் இன் த ஸ்கை' பாட்டு. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளேர் டோரி என்ற ஸ்டூடியோ பாடகியை அழைத்தார்கள். பாட்டுக்கு வரி கிடையாது, மெட்டும் கிடையாது. மரணத்தைப் பற்றிய இசை, அதன் மேல் ஏதாவது பாடு என்றார்கள். அவர் ஒரு வாத்தியமாகத் தன்னைப் பாவித்துக்கொண்டு கதறினார், கெஞ்சினார், முனகினார், சில டேக்குகள் கொடுத்தார், 30 பவுண்ட் வாங்கிக்கொண்டு போனார். இன்று உலகத்தின் எந்த ஊரிலும் ஃப்ளாய்ட் ட்ரிப்யூட்டில் பாடும் பெண் அந்தக் கதறலை மூச்சு உட்பட மனப்பாடம் செய்திருக்க வேண்டும். ஒரு இடத்தில் மாற்றிப் பாடினால் முன்வரிசையில் இருப்பவர் முகம் சுளிப்பார். அன்று மனம் போனபடி வந்தது இன்று பாடத்திட்டம் ஆகிவிட்டது.

டோரி 2004இல் வழக்குத் தொடுத்தார். 2005இல் சமரசம் ஆனது. அதன் பிறகுதான் இசையமைப்பில் ரைட்டுடன் அவர் பெயரும் சேர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து.

லெஸ்லிப்பெட்டி

எல்.பி. ஐயா, உங்க பதிவை எங்க பேண்டுல பாடறவங்களுக்கு மொழிபெயர்த்து அனுப்பினேன். "நான் மேடை ஏறினதும் முதல்ல பார்க்கிறதே அந்த முன்வரிசைக்காரரைத்தான்"னு பதில் வந்தது. எல்லா ஊர்லயும் ஒருத்தர் இருக்கார் போல. கையைக் கட்டிட்டு, கண்ணை மூடிட்டு, தப்பு வந்தா மட்டும் கண்ணைத் திறப்பார்.

மொன்றியல் மாறன்

வணக்கம் அண்ணை. மிமிக்ரி எண்டு சொல்லுறவைக்காக ஒண்டு எழுதுறன். எங்கட ஊரில 'த மியூசிக்கல் பொக்ஸ்' எண்டு ஒரு பாண்ட் இருக்கு, 1993 இல தொடங்கினவை. பீற்றர் கேப்ரியல் பாடின காலத்து ஜெனெசிஸ் எண்ட இங்கிலாந்து ராக் பாண்ட்தான் அவையின்ர முக்கியமான வேலை. 1974-75 இல ஜெனெசிஸ் 'த லாம்ப் லைஸ் டவுன் ஒன் ப்ரோட்வே' எண்ட இரட்டை அல்பத்தை முழுசா மேடை ஏத்தினது. பின்னுக்கு மூண்டு திரை, அதில கதைக்கு ஏற்ற மாதிரி ஸ்லைட் படங்கள் மாறிக்கொண்டே இருக்கும். கேப்ரியல் உடம்பெல்லாம் கட்டி கட்டியா ஒரு வேசத்தில வருவார், மைக் வாய்க்குக் கிட்ட வராது. உந்த ஷோவை ஒருத்தரும் முழுசா படம் பிடிச்சு வைக்கேல்லை. முடிஞ்சுது, போச்சு.

இவை என்ன செய்தவை எண்டால், ஜெனெசிஸிட்டையே அனுமதி எடுத்து, பழைய ஸ்லைட்டுகளை வாங்கி, சனம் கள்ளமா பதிஞ்ச கசெட்டுகளையும் புகைப்படங்களையும் வச்சு அந்த ஷோவைத் திரும்பக் கட்டினவை. தேர் எரிஞ்சு போனா பழைய படத்தைப் பாத்துத் திரும்பச் செய்யிறேல்லையோ, அது மாதிரி. கேப்ரியல் தன்ர பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாத்தவர், அப்பா அந்த நாளையில என்ன செய்தவர் எண்டு காட்ட. 2005 இல ஜெனீவாவில ஜெனெசிஸ் ட்ரம்மர் பில் கொலின்ஸே ஏறி அவையோட ட்ரம்ஸ் வாசிச்சவர்.

நான் ஒருக்கா பாத்தனான். எனக்குப் பக்கத்தில இருந்த வயசான பிரெஞ்சுக்காரர் முழு நேரமும் அழுதுகொண்டிருந்தார். இளம் வயசில உண்மையான ஷோவைப் பாத்தவராம். மிமிக்ரி பாத்து ஆரும் அப்பிடி அழுவினமோ தெரியேல்லை.

சும்மா_படிப்பவன்

அழறது எல்லாம் ஒரு அளவுகோலா? சீரியல் பார்த்தும்தான் அழறாங்க. நம்ம ஊர் மெல்லிசைக் குழுக்காரங்க இதையே அம்பது வருஷமா செய்யறாங்க. இன்டர்லூட்ல வயலின் ஒரு இழை மாறினா கல்யாண மண்டபமே கத்தும். அவங்களை யாரும் கலைஞர்கள்னு மேடை போட்டுக் கொண்டாடலையே. வெள்ளைக்காரன் செஞ்சா ட்ரிப்யூட், நம்மாளு செஞ்சா கச்சேரி கோஷ்டி.

பழைய எல்.பி.

கடைசி வரியை ஒப்புக்கொள்கிறேன். மெல்லிசைக் குழுக்களுக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைக்கவில்லை. ஒரே ஒரு வேறுபாடு: அவர்கள் பத்து இசையமைப்பாளர்களை ஒரே இரவில் வாசிக்க வேண்டும், வசதியும் நேரமும் கிடையாது. ட்ரிப்யூட் குழு ஒரே வீட்டுக்குள் வாழ்நாள் முழுக்கக் குடியிருக்கிறது. ஆழம் வேறு.

சாந்தி_ட்ரம்ஸ் (சிங்கப்பூர்)

ஹாய் ஆல். நான் லெட் செப்பெலின் ட்ரிப்யூட்டுல ட்ரம்ஸ். பொம்பளை பான்ஹம் (செப்பெலின் ட்ரம்மர்) வாசிக்கிறதான்னு கேட்டவங்க நிறைய. நியூயார்க்ல பெண்கள் மட்டும் சேர்ந்து 2004லேர்ந்து 'லெஸ் செப்பெலின்'னு நடத்தறாங்க. செப்பெலினோட எஞ்சினியரா இருந்த எடி க்ரேமரே அவங்க ஆல்பத்தைத் தயாரிச்சிருக்கார். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

விஷயத்துக்கு வரேன். "அப்படியே வாசிக்கணும்"னு சொல்றவங்களுக்கு ரெண்டு கேள்வி.

ஒண்ணு. 'வென் த லெவி ப்ரேக்ஸ்' (1971) ட்ரம்ஸ் சத்தம் பான்ஹம் கையில மட்டும் இல்லை. ஹெட்லி க்ரேஞ்ச்னு ஒரு பழைய பெரிய வீடு, அதோட மாடிப்படிக் கூடத்துல கீழ ட்ரம்ஸை வச்சு, மேல படியிலேர்ந்து ரெண்டு மைக்கைத் தொங்க விட்டு எடுத்தாங்க. பாதி சத்தம் அந்தக் கூடத்தோடது. நான் எந்தப் பப்புக்கு மாடிப்படியைத் தூக்கிட்டுப் போறது?

ரெண்டு. 'சின்ஸ் ஐவ் பீன் லவ்விங் யூ' (1970) கேளுங்க. பான்ஹம் கால் பெடல் 'கிறீச் கிறீச்'னு கத்திட்டே இருக்கும். லுட்விக் ஸ்பீட் கிங் மாடல், அந்த ரகமே அப்படித்தான், எண்ணெய் போடலைன்னா அழும். செப்பெலின் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜே பின்னாடி அதைக் கேட்டு நொந்துக்கிட்டார். இப்போ நான் அந்தப் பாட்டு வாசிக்கும்போது பெடலுக்கு எண்ணெய் போடணுமா, கூடாதா? சிரிக்காதீங்க, எங்க பேஸ் ப்ளேயர் நிஜமாவே போடக் கூடாதுன்னார். நான் போட்டேன். ஒரு ஆள் நல்லா வாசிக்கணும்னு ஆசைப்பட்டு வாசிச்சதை நான் எடுத்துக்கறேன், அவர் கவனிக்காம விட்டதை எடுத்துக்க மாட்டேன்.

எனக்கு 'டார்க் ஸ்டார் ஆர்க்கெஸ்ட்ரா' வழிதான் பிடிக்கும். சிகாகோவுல 1997ல ஆரம்பிச்ச கிரேட்ஃபுல் டெட் ட்ரிப்யூட். டெட் முப்பது வருஷத்துல 2,300க்கு மேல ஷோ வாசிச்சிருக்காங்க, ரசிகர்கள் டேப் பண்ண விட்டதால பெரும்பாலானது கைவசம் இருக்கு. இவங்க அதுல ஏதாவது ஒரு தேதியை எடுத்து, அன்னிக்கு வாசிச்ச பாட்டு வரிசையை அப்படியே வாசிப்பாங்க. அந்த வருஷம் டெட்ல ஒரு ட்ரம்மர்னா இவங்களும் ஒருத்தர், ரெண்டுன்னா ரெண்டு. எந்தத் தேதின்னு ஷோ முடிஞ்ச பிறகுதான் சொல்வாங்க, அதுவரைக்கும் கூட்டம் கீழ யூகிச்சுட்டு நிக்கும். ஆனா சோலோ? அது முழுக்க அந்த ராத்திரி வர்றதுதான். டெட் யோசிச்ச மாதிரி யோசிக்கப் பழகியிருக்காங்க, ஸ்வரத்தை மனப்பாடம் பண்ணலை. அதுல கிட்டார் வாசிச்ச ஜான் கட்லெசிக்கை 2009ல டெட்டோட பாப் வியரும் ஃபில் லெஷும் தங்களோட புது பேண்டுக்கே கூப்பிட்டுக்கிட்டாங்க. நகல் எடுக்கிறவர் வேணும்னா கூப்பிட்டிருப்பாங்களா?

பிளெக்ட்ரம் பாண்டி

சாந்தி அக்கா, எண்ணெய் மேட்டர் செம!! ஆனா நகல் எடுத்தவங்களையும் கூப்பிட்டிருக்காங்களே. ஜூடாஸ் ப்ரீஸ்ட் பேண்டுக்கு 1996ல டிம் ஓவன்ஸ் பாடகரா எப்படி வந்தார்? ஒஹாயோவுல ப்ரீஸ்ட் ட்ரிப்யூட் பாடிட்டிருந்த ஆளு, வீடியோ பார்த்துக் கூப்பிட்டாங்க. ஜர்னி பேண்டுக்கு 2007ல ஆர்னெல் பினேடா, மணிலாவுல பாடின கவர் பாட்டுங்களை ஜர்னி கிட்டாரிஸ்ட் நீல் ஷான் யூட்யூப்ல பார்த்துத்தான் போன் போட்டார். யெஸ் பேண்டுக்கு 2008ல பென்வா டேவிட், அவர் போன பிறகு 2012ல ஜான் டேவிசன், ரெண்டு பேருமே யெஸ் ட்ரிப்யூட் பாடினவங்க. எல்லாம் அச்சு அசலா பாடினதாலதான் எடுத்தாங்க.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை தலைகீழ். பாஸ்டன் பேண்ட் தெரியுமே, 1976ல வந்த முதல் ஆல்பம் அமெரிக்காவுல மட்டும் 1.7 கோடி பிரதி போச்சு. அதுல பாடின ப்ராட் டெல்ப் ஓய்வு கிடைச்சா என்ன செஞ்சார் தெரியுமா? 'பீட்டில்ஜூஸ்'னு ஒரு பீட்டில்ஸ் ட்ரிப்யூட்டுல, நியூ இங்கிலாந்துப் பக்கம் பார் பாரா பாடிட்டிருந்தார். ஸ்டேடியம் பார்த்த மனுஷன், பீட்டில்ஸ் பாடணும்கிற ஆசைக்காக. 2007ல அவர் இறந்த பிறகு பாஸ்டனுக்குப் பாட வந்த டாமி டிகார்லோ, ஹோம் டிப்போ கடையில வேலை பார்த்துட்டு மைஸ்பேஸ்ல பாஸ்டன் பாட்டைப் பாடிப் போட்ட ரசிகர். ரசிகனாப் பாடப் போன பாடகர், அவர் இடத்துக்கு வந்த ஒரு ரசிகர்!

சும்மா_படிப்பவன்

டெல்ப் கதை தெரியாது. நல்லா இருக்கு. சரி, காசு விஷயம் யாராவது சொல்லுங்க. அடுத்தவன் பாட்டை டிக்கெட் வச்சு வாசிக்கறீங்க, கேஸ் வராதா?

லெஸ்லிப்பெட்டி

பாட்டு வாசிக்க வராது. உரிமம் அரங்கமோ பப்போ எடுத்து வச்சிருக்கும். இங்க பி.ஆர்.எஸ்., அமெரிக்காவுல ஆஸ்காப், பி.எம்.ஐ. மாதிரி சங்கங்கள் வசூல் பண்ணி, பாட்டு எழுதினவங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கும். வாசிச்சவங்களுக்கு இதுல பங்கு இல்லை, எழுதினவங்களுக்குத்தான். அதனாலதான் கிளேர் டோரிக்கு அந்த 2005 சமரசம் அவ்வளவு முக்கியம். அதுக்கு முன்னாடி இந்தக் கணக்குல அவங்க பேரே இல்லை.

சிக்கல் வர்றது பேர்லயும் லோகோவுலயும். 2016ல கனடாவுல ஒரு மெட்டாலிகா ட்ரிப்யூட்டுக்கு 41 பக்கம் வக்கீல் நோட்டீஸ் போச்சு. அப்புறம் மெட்டாலிகாவே "எங்களுக்குத் தெரியாம வக்கீல் அதிகமா ஆடிட்டார், கிழிச்சுப் போட்டுடுங்க"ங்கற மாதிரி சொல்லி முடிச்சு வச்சாங்க.

பழைய எல்.பி.

சாந்தி அவர்கள் சொன்னதற்கு எதிராக ஓர் உதாரணம். பீட்டில்ஸ் 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் வாசித்ததோடு கச்சேரிப் பயணத்தை நிறுத்திக்கொண்டார்கள். அதன் பின் வந்த ஆல்பங்களுக்கு மேடை வடிவமே கிடையாது. நெதர்லாந்தின் 'தி அனலாக்ஸ்' குழு 2014 முதல் அந்தப் பிற்கால ஆல்பங்களைத்தான் எடுத்துக்கொண்டது. வேஷம் இல்லை, தலைமுடிச் சவுரி இல்லை. மெலட்ரான், ஹார்மோனியம், வயலின்கள், ஊதுகுழல்கள், எல்லாம் அந்தக் காலத்து அசல் வாத்தியங்கள், மேடையிலேயே.

'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' (1967) என்ன செய்வீர்கள்? லெனனுக்கு ஒரு டேக்கின் தொடக்கமும் இன்னொரு டேக்கின் முடிவும் பிடித்திருந்தன. இரண்டும் வேறு ஸ்ருதி, வேறு வேகம். சேர்த்துவிடுங்கள் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். டேப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, ஒரு நிமிடம் சென்ற இடத்தில் ஒட்டினார்கள். அதனால் பாட்டின் ஸ்ருதி பியானோவின் எந்தக் கட்டையிலும் சரியாக உட்காராமல், ஏ-வுக்கும் பி ஃப்ளாட்டுக்கும் இடையில் நிற்கிறது. இங்கே வாசித்தவர் எப்படி யோசித்தார் என்று பழகிக்கொள்ள வழியில்லை, ஏனென்றால் அப்படி யாரும் வாசிக்கவே இல்லை. ரெக்கார்டுதான் மூலம். அதை அப்படியே எழுப்புவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்?

சாந்தி_ட்ரம்ஸ்

பீட்டில்ஸுக்கு ஒத்துக்கறேன் சார். ஸ்டூடியோவே வாத்தியம் ஆயிட்ட கேஸ் அது. செப்பெலின் அப்படி இல்லை, அவங்க பாட்டு ராத்திரிக்கு ராத்திரி மாறினது. டோக்கியோவுல அகியோ சகுராய்னு ஒருத்தர், பகல்ல கிமோனோ விற்பார், ராத்திரி ஜிம்மி பேஜ். எந்த வருஷத்து பேஜ்னு கேட்டு, அதுக்குத் தகுந்த பிக்கப், ஆம்ப், கோட்டுல தையல் வரைக்கும் மாத்துவார். 2012ல நிஜ பேஜே வந்து உக்காந்து பார்த்துட்டுப் போனார். அப்புறம் வேலையை விட்டு லாஸ் ஏஞ்சலஸ் போய் அங்க ஒரு செப்பெலின் ட்ரிப்யூட்டுல சேர்ந்தார். நிலைக்கலை. அவங்களுக்கு ஹிட் பாட்டு வேணும், இவருக்கு ஒரு குறிப்பிட்ட ராத்திரியோட முழு நீளம் வேணும். பேண்ட் உடையறது பெரும்பாலும் இந்த இடத்துலதான். லெஸ்லி அண்ணா, ஜாக்கிரதை.

ஷில்லாங் வேலு

இடையில நுழையறேன். வேலை நிமித்தமா மேகாலயாவுல சில காலம் இருந்தவன். அங்க லூ மஜாவ்னு பெரியவர், 1972லேர்ந்து வருஷா வருஷம் மே 24 பாப் டிலன் பிறந்தநாளுக்கு ஷில்லாங்ல கச்சேரி நடத்தறார். அரை ட்ரவுசர், காலுக்கு ஒரு நிறத்துல சாக்ஸ், வெள்ளை முடி. டிலன் மாதிரி ஒரு வரி கூடப் பாட மாட்டார், முழுக்கத் தன் குரல். அதுவும் ட்ரிப்யூட்தானே? யாரும் அவரை "ரெக்கார்டுல இருக்கிற மாதிரி பாடு"ன்னு கேட்டு நான் பார்த்ததில்லை.

லெஸ்லிப்பெட்டி

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும்னு நினைக்கலை.

என் பக்கம் ஒண்ணு சேர்க்கணும். ரிக் ரைட் 2008ல போயிட்டார். அவர் இல்லாம 'எக்கோஸ்' வாசிக்க மாட்டேன்னு கில்மோர் சொல்லிட்டார். 2016ல இத்தாலியில இருக்கிற பொம்பெய் (Pompeii) பழைய அரங்கத்துல வாசிச்சப்பக் கூட, எந்த இடத்துல அதைப் படம் பிடிச்சாங்களோ அதே இடம், வாசிக்கலை. அதனால எங்களை மாதிரி ஆட்கள் வாசிக்கலைன்னா இருபத்து மூணு நிமிஷ அந்தப் பாட்டை நேர்ல கேட்க ஆள் கம்மி. எங்க ஷோவுக்கு வர்ற பசங்க பாதிப் பேர் ரைட் இறந்தப்ப ஸ்கூல்ல கூடச் சேர்ந்திருக்க மாட்டாங்க.

மொன்றியல் மாறன்

அண்ணை, நிக் மேசன்ர 'சோசர்ஃபுல் ஒஃப் சீக்ரெட்ஸ்' 2022 இல இருந்து 'எக்கோஸ்' வாசிக்கினமே. அதில பாடுறவர் ஸ்பாண்டவ் பாலே எண்ட பாண்டில இருந்த கரி கெம்ப். ஒருத்தர்தான் உண்மையான ஃப்ளாய்ட் ஆள், மிச்சப் பேர் வேற. அப்ப அது ஃப்ளாய்டோ, ட்ரிப்யூட்டோ?

பிளெக்ட்ரம் பாண்டி

ஐயோ மாறன், இதுக்கு இன்னொரு இழை திறக்கணும். ட்ரம்ஸ்ல மேசன் உக்காந்திருக்கார்ல, அது போதும் எனக்கு.

சாந்தி_ட்ரம்ஸ்

லெஸ்லி அண்ணா, உங்க பஞ்சாயத்துக்கு என் யோசனை. ஆல்பத்து சோலோவா இல்லையான்னு சண்டை போடாம, ஒரு ஷோவைத் தேர்ந்தெடுங்க. 1994 'பல்ஸ்' கச்சேரியில கில்மோர் அந்த சோலோவை இழுத்து இழுத்து வாசிச்சிருப்பார். அதைக் கத்துக்கச் சொல்லுங்க கிட்டாரிஸ்ட்டை. அவருக்கு மனப்பாடம் செய்ய ஒரு மூலம் கிடைக்கும், ட்ரம்மருக்கு மேடையில பிறந்த ஒண்ணு கிடைக்கும்.

லெஸ்லிப்பெட்டி

சொல்லிப் பார்த்தாச்சு. கிட்டாரிஸ்ட் "பல்ஸ்னா எந்த ராத்திரி? ஏர்ல்ஸ் கோர்ட்ல நிறைய நாள் வாசிச்சாங்களே"ன்னு கேக்கறார். ட்ரம்மர் எழுந்து டீ போடப் போயிட்டார்.

சும்மா_படிப்பவன்

நான் இன்னும் மிமிக்ரின்னுதான் சொல்வேன். ஆனா அந்தப் பெடல் கிறீச் எந்த நிமிஷத்துல வருது?

சாந்தி_ட்ரம்ஸ்

ஹெட்போன் போட்டு ஆரம்பத்துலேர்ந்து கேளுங்க. ஆனா முன்னாடியே சொல்லிடறேன், ஒரு தடவை காதுல விழுந்துட்டா அப்புறம் அந்தப் பாட்டுல வேற எதுவும் கேக்காது.

சும்மா_படிப்பவன்

கேட்டுட்டேன். பாழாப் போச்சு.